ஒட்டுவதற்கு முன்னால்

(காடாம்புலியூரில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் தம்பிகளும் பாப்பாக்களும் உடைந்த விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் ஊர் முந்திரித் தோப்புக்குள் ஒரு ரிமோட் விமானம் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை மாதிரி முந்திரி ஒற்றையாக நிமிர்ந்து நிற்பதில்லை. கிளையைப் பக்கத்தில் பரப்பி, சில இடத்தில் மண்ணைத் தொடுகிற வரைக்கும் இறக்கிவிடும். விமானம் ஒரு கிளையில் மோதி, அடுத்ததில் உரசி, கடைசியில் செம்மண்ணில் மூக்கைக் குத்தி நிற்கும். பையன் ஓடுவான். அவன் ஓடுகிற ஓட்டத்திலேயே பாதி விமானம் கெட்டுப்போகிறது என்று நான் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஓட்டத்தைப் பற்றித்தான். விழுந்ததற்கும் ஒட்டுவதற்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது. நாம் அதைச் செய்வதே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பழுப்பு நிலக்கரியை எடுக்கவேண்டுமென்றால் அதன்மேல் கிடக்கும் மண்ணை முதலில் அள்ள வேண்டும். அள்ளுவது பக்கெட் வீல் இயந்திரம். அதன் சக்கரத்தில் இருக்கும் ஒரு வாளிக்கு 350 லிட்டர், 700 லிட்டர் கொள்ளளவு, பெரியதற்கு 1400 லிட்டர். அள்ளிய மண்ணைச் சுமந்து ஓடுவது பெல்ட். அந்த ரப்பர் பெல்ட்டுக்குள் நரம்பு மாதிரி எஃகுக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பெல்ட் அறுந்தால் ஒட்ட வேண்டும். டன் கணக்கில் இழுவை தாங்கும் ஒட்டு அது. இத்தனை வருடம் டன் கணக்கில் ஒட்டினவன், ஓய்வு பெற்ற பிறகு கிராம் கணக்கில் ஒட்ட ஆரம்பித்தேன். அக்கா பேரன் ஒரு ஃபோம் விமானத்தை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து, "தாத்தா, நீங்க பெல்ட்டே ஒட்டுவீங்களாமே, இதை ஒட்டிக் குடுங்க" என்று நீட்டினான். அன்றைக்குத் தொடங்கியது.

முதலில் அந்த ஃபோம் என்ன என்று பார்ப்போம். வெளியே ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தாலும் அதில் மூன்று சாதி உண்டு. ஒன்று நமக்குத் தெரிந்த தெர்மோகோல். டிவி பெட்டிக்குள் வருவது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்துவிடும், வளைத்தால் பட்டென்று உடையும். இரண்டாவது ஈ.பி.பி. என்கிற ரகம். ரப்பர் மாதிரி வளைந்து திரும்ப வரும், லேசில் உடையாது, ஆனால் தொளதொளவென்று இருக்கும். மூன்றாவது ஈ.பி.ஓ. இது முன்னிரண்டுக்கும் நடுவில். கடையில் பெட்டியோடு வாங்கும் விமானங்கள் பெரும்பாலும் இதுதான். மூன்றுமே மணி மணியாக ஊதின குமிழ்களை அச்சில் போட்டு ஆவியில் வேகவைத்து ஒட்டவைத்தவை. நம் வீட்டுப் பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள், பாகு இல்லாமல் தன் சூட்டிலேயே ஒட்டிக்கொண்ட பொரி. ஒரு லிட்டர் அளவுள்ள கட்டி இருபது முப்பது கிராம்தான் இருக்கும். மீதியெல்லாம் காற்று. நாம் ஒட்டுவது காற்றடைத்த பொரியை என்ற நினைப்பு கையில் இருக்க வேண்டும்.

எந்தச் சாதி என்று தெரியாமல் பசையை எடுத்தால் என்ன ஆகும்? என் முதல் தெர்மோகோல் சிறகில் ஃபெவிக்விக்கை வைத்தேன். கண்ணெதிரே சிறகு குழிந்து உள்ளே போனது. பலாப்பழம் அரிந்த கையை நினைத்துப் பாருங்கள். பலாப்பாலைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் இன்னும் இழுக்கும். எண்ணெய் தடவினால் விட்டுவிடும். பண்ணுருட்டிப் பக்கம் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். தன் இனத்தோடுதான் ஒரு பொருள் கரையும். தெர்மோகோல் பெட்ரோலிய வழியில் வந்தது. பெட்ரோல், தின்னர், ரப்பர் சொல்யூஷன், சூப்பர் க்ளூ எல்லாம் அதைத் தின்னும். அதே சூப்பர் க்ளூ ஈ.பி.ஓ.-வில் ஒன்றும் செய்யாமல் ஒட்டும். ஆகவே உள்பக்கம், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஒரு துளி வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். தெர்மோகோலுக்கு அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் எபாக்ஸி, அவசரமில்லை என்றால் ஃபெவிகால், இரண்டும் நல்லது. ஃபெவிகால் காற்றுப் பட்டால்தான் காயும். நடுவில் அடைபட்டால் இரண்டு நாள் ஆனாலும் உள்ளே பாலாகவே இருக்கும்.

எபாக்ஸி பற்றி ஒரு சேதி. முந்திரி உடைக்கும் நம் வீட்டுப் பெண்களின் விரலைச் சுடும் அந்தத் தோல் எண்ணெய் இருக்கிறதே, அதிலிருந்து பிரித்தெடுக்கும் கார்டனால் என்ற பொருளைக் கொண்டு எபாக்ஸியை இறுக வைக்கும் கெட்டிப்பானைச் செய்கிறார்கள். கப்பலுக்கு அடிக்கும் பெயின்ட்டில் அது போகிறது. வண்டி பிரேக் கட்டையிலும் முந்திரி எண்ணெய் இருக்கிறது. நம் பெண்களின் கையைப் புண்ணாக்கும் அதே எண்ணெய் எங்கோ ஒரு கப்பலை ஒட்டிப் பிடித்திருக்கிறது. எபாக்ஸி டியூபை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வரும்.

பசைக் கதை இருக்கட்டும். பையன் ஓடுகிறான் என்றேனே, அங்கே திரும்புவோம்.

ஓடாதீர்கள். ரிமோட்டில் த்ராட்டில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி, முழுக்கக் கீழே இருக்கிறதா பாருங்கள். பிறகு நடந்து போங்கள். போகும்போதே அது எப்படி விழுந்தது என்று சொல்லிக்கொண்டே போங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். "இடப்பக்கம் திரும்பினேன். மூக்கு கீழே போச்சு. எலிவேட்டரை இழுத்தேன். நிமிரலை. இன்னும் வேகமா சுத்தி விழுந்துச்சு." எலிவேட்டர் என்பது மூக்கைத் தூக்கி இறக்கும் மடிப்பு. அரைமணி நேரம் கழித்து உங்கள் மனம் வேறு கதை கட்டிவிடும். காற்று அடித்தது, சிக்னல் போய்விட்டது என்று. விழுந்த நிமிடத்தில் தெரிந்ததுதான் சாட்சி.

கிட்டே போனதும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. எட்டு அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் போகிறது. நம் ரயில்களின் வேகத்தைவிட அதிகம். உடைந்த விமானத்தில் ஒரு ஒயர் உரசி மோட்டார் திடீரென்று எழுந்துகொண்டால் விரல் போய்விடும். இதில் சமரசமே கிடையாது.

அந்த பேட்டரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லிப்போ பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட், முழுக்க சார்ஜ் ஏறினால் 4.2. மூன்று செல் என்றால் பெயருக்கு 11.1 வோல்ட். அடிபட்டு மூலை நசுங்கியிருந்தால், வயிறு உப்பியிருந்தால், இனிப்பு மாதிரி ஒரு வாசனை வந்தால் அது இனி பேட்டரி இல்லை, நெருப்பு. உடனே எரியாமல் கொஞ்ச நேரம் கழித்தும் எரியும். அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தோப்பில் முந்திரிச் சருகு மேலும் வைக்காதீர்கள். கோடையில் சருகு பற்றினால் ஒரு குடும்பத்தின் வருட வருமானம் போகும். மண் தரையில், சுற்றிலும் சருகைக் கூட்டிவிட்டு வெறும் மண்மேல் வையுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பறக்கப் போகும்போதே அந்த வாளியை எடுத்துப் போங்கள்.

அடுத்து துண்டுகள். எல்லாத் துண்டும் வேண்டும். பட்டாணி அளவுத் துண்டுகூட. ஃபோம் உடையும்போது நேர்கோட்டில் உடைவதில்லை, மணிகளின் இடைவெளியில் கிழிந்து போகிறது. உடைந்த இரண்டு முகமும் ஒன்றுக்குள் ஒன்று பல் மாதிரி பொருந்தும். அந்தப் பல்தான் விமானத்தைப் பழைய கோணத்தில் உட்கார வைக்கும் வழிகாட்டி. சிலர் என்ன செய்கிறார்கள்? "அசிங்கமாக இருக்கிறது" என்று கட்டரால் முகத்தைச் சீவிவிடுகிறார்கள். சீவினது அரை சென்டிமீட்டர்தான். ஆனால் இனி அந்தச் சிறகு எந்தக் கோணத்தில் இருந்தது என்று சொல்ல உலகத்தில் எதுவும் இல்லை. என் அக்கா பேரன் கொண்டுவந்ததும் அப்படிச் சீவப்பட்ட சிறகுதான்.

மேசைக்கு வந்ததும் பசை போடாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உடைந்த விமானம் ஒரு செய்தி. சேர்த்து வைத்தால்தான் அதைப் படிக்க முடியும். மூக்கு நேராக நசுங்கியிருந்தால் நேராகக் குத்தியது. ஒரு பக்கச் சிறகின் நுனியில் மண் ஏறி, அடுத்த பக்கத்தில் கீறலே இல்லையென்றால் சுழன்றுகொண்டு விழுந்தது. எலிவேட்டரை அசைக்கும் கம்பி கொக்கியிலிருந்து கழன்று கிடக்கிறதே, அது மோதியதால் கழன்றதா, கழன்றதால் மோதியதா? கொக்கியின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் நாள்கணக்கில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் சிறகை ஒட்டினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மரத்தில் அதே விமானம்.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் தேதி பறந்தார்கள் என்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. டிசம்பர் 14-ஆம் தேதி என்ன நடந்தது என்று பாடத்தில் இல்லை. அன்றைக்கு யார் முதலில் என்று காசு சுண்டினார்கள். அண்ணன் வில்பருக்கு விழுந்தது. கிளம்பினதும் மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார். காற்று சிறகைவிட்டுப் பிரிந்தது, விமானம் மணலில் விழுந்தது. மூன்றரை நொடி. முன்னால் இருந்த எலிவேட்டர் பகுதி உடைந்தது. எஞ்சின் மோசம், கணக்கு தப்பு என்று அவர்கள் பதறவில்லை. மூக்கைத் தூக்கியது தன் கைத் தவறு என்று வில்பருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் உடைந்ததை மட்டும் சரிசெய்தார்கள். 16-ஆம் தேதி விமானம் தயார். 17-ஆம் தேதி தம்பி ஆர்வில் 12 நொடி பறந்தார். அன்றே நான்காவது முறை வில்பர் 59 நொடி, 852 அடி. உலகத்தின் முதல் விமானப் பயணம் ஒட்டுப்போட்ட விமானத்தில் நடந்தது. அவர்கள் பிழைப்புக்கு சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் நாட்டிலும் அப்படித்தான். 1910-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர் ஒரு விமானம் வரைந்தபோது, அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் சிம்ப்சன் கம்பெனியில் குதிரை வண்டி கட்டிய ஆட்கள்.

இன்னொருவர், பால் மெக்ரீடி. அமெரிக்கர். சிறு வயதில் மாதிரி விமானப் போட்டிகளில் ஜெயித்தவர். மனிதன் தன் கால் பலத்தாலேயே பெடல் மிதித்து, அரை மைல் இடைவெளியில் நட்ட இரண்டு கம்பங்களை எட்டு வடிவில் சுற்றிப் பறந்தால் பரிசு என்று ஹென்றி கிரெமர் என்பவர் 1959-இல் அறிவித்தார். பதினெட்டு வருடம் யாரும் ஜெயிக்கவில்லை. முயன்றவர்கள் அழகான, நுணுக்கமான விமானங்களைக் கட்டினார்கள். ஒரு தடவை விழுந்தால் பழுது பார்க்க மாதங்கள். மெக்ரீடி அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் தாள், கம்பி, ஒட்டு நாடா இவற்றால் நுனிக்கு நுனி 96 அடி நீளச் சிறகு கட்டினார். விழுந்தால் ஒட்டி அன்றைக்கே மறுபடி பறக்கலாம். மற்றவர்களுக்கு வருடத்துக்குச் சில முயற்சி. அவருக்கு ஒரு நாளில் சில முயற்சி. 1977 ஆகஸ்ட் 23-ஆம் தேதி பிரையன் ஆலன் என்பவர் அதை மிதித்துப் பறந்தார், பரிசு 50,000 பவுண்டு. இரண்டு வருடம் கழித்து அதன் தம்பி விமானம் ஆங்கிலக் கால்வாயையே தாண்டியது. உடையாத விமானம் கட்ட அவர் முயலவேயில்லை. சீக்கிரம் ஒட்டக்கூடிய விமானம் கட்டினார். இதை நான் முதலில் படித்தபோது இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

சரி, செய்தியைப் படித்தாகிவிட்டது. இப்போது ஒட்டலாம்.

மூக்கு நசுங்கியிருந்தால் பசைக்கு முன் வெந்நீர். ஈ.பி.ஓ.-வின் மணிக்குள் இருக்கும் காற்று வெளியே போய்விடவில்லை, மணி மடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மோட்டாரையும் எலெக்ட்ரானிக்ஸையும் கழற்றிவிட்டு, நசுங்கின இடத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் காட்டினால் உள்காற்று விரியும், சுவர் இளகும், மூக்கு உங்கள் கண்முன்னே எழும். முதல் தடவை பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள். அதிக நேரம் வைத்தால் இருந்ததைவிடப் பெரிதாக ஊதி, தோல் கரடுமுரடாகிவிடும். கொதிநீரைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும், பாப்பா. தெர்மோகோலில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

சிறகு இரண்டாக உடைந்திருந்தால் இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நம் கொத்தனாரிடம் கேளுங்கள், சன்ஷேடுக்குக் கம்பி எங்கே போடுவார் என்று. மேல்பக்கம். சன்ஷேடு சுவரில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கிறது. பாரம் கீழே அழுத்துகிறது, அதனால் மேல்முகம் இழுபடுகிறது. இழுபடும் முகத்தில்தான் கம்பி. சிறகும் உடம்பில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்பதுதான். ஆனால் பறக்கும்போது காற்று அதைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. ஆகவே இழுபடுவது அடிமுகம். பலத்துக்கு வைத்து ஒட்டும் மூங்கில் குச்சியும் இழைநாடாவும் சிறகின் அடியில் இருக்க வேண்டும். மேலே ஒட்டி, அழகாகத் தேய்த்து, பெயின்ட் அடித்து, மேலே போனதும் சிறகு மடங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குச்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் முடியக் கூடாது. இது பெல்ட் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எஃகுக் கம்பி பெல்ட்டை ஒட்டும்போது இரண்டு பக்கக் கம்பிகளையும் முனைக்கு முனை வைக்க மாட்டோம். படிப்படியாக, ஒரு கம்பி இங்கே முடிந்தால் அடுத்தது தள்ளி, அதற்கடுத்தது இன்னும் தள்ளி முடியும். நடுவில் பச்சை ரப்பர் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைப்போம். ஒட்டு மீட்டர் கணக்கில் நீளும். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில் அறும். சிறகிலும் ஒரு குச்சியை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் வையுங்கள். குச்சி வலுவாக இருக்கும், பக்கத்து ஃபோம் மெதுவாக இருக்கும். அந்த எல்லையில்தான் அடுத்த முறிவு வரும். எல்லையைக் கலைத்துவிட வேண்டும். கார்பன் கம்பி வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் முற்றின மூங்கிலைப் பிளந்த சிம்பு போதும்.

பசையில் கையை இழுத்துப் பிடியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தூக்குக்கோல் தெரியும். ஒரு பக்கம் சரக்கு, நீள்பக்கம் ஒரு சின்னக் குண்டு. குண்டு சிறிதானாலும் தூரத்தில் நின்றால் பெரிய சரக்கைத் தூக்கும். விமானம் ஒரு தூக்குக்கோல். வாலில், எடை மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால், நீங்கள் ஹாட் க்ளூவை 30 கிராம் கொட்டிவிட்டீர்கள். அதைச் சமன்செய்ய மையத்துக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் மூக்கில் 90 கிராம் வைக்க வேண்டும். மொத்தம் 120 கிராம். விமானமே 700 கிராம்தான். இப்போது அது இன்னும் வேகமாகப் பறந்தால்தான் மிதக்கும், இன்னும் வேகமாகத் தரையிறங்கும், விழுந்தால் இன்னும் பலமாக உடையும். வாலில் ஒட்டும்போது பல்குத்தும் குச்சியால் பசையைத் தொட்டு வையுங்கள். ஹாட் க்ளூவுக்கு இன்னொரு குறையும் உண்டு. சித்திரை வெயிலில் பூட்டின காருக்குள் விமானம் கிடந்தால் அந்த ஒட்டு இளகிவிடும்.

இனி கோணம். பசை இறுகும் முன் நூல் பிடிக்க வேண்டும். வாலின் நடுவிலிருந்து ஒரு சிறகு நுனிக்கு நூல் இழுத்து அளந்து, அதே நூலை அடுத்த நுனிக்குக் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், வாலும் சிறகும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கிறதா என்று. சுவர் எழுப்பும்போது கொத்தனார் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைக்காமல் ஒரு வரி ஏற்றுவாரா? சிறகு மூன்று மில்லிமீட்டர் முறுக்கி ஒட்டிவிட்டால் எவ்வளவு பலமான ஒட்டாக இருந்தாலும் விமானம் வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் புரண்டுகொண்டே இருக்கும். தழும்பு இருக்கட்டும், பெயின்ட் போகட்டும், கோணம் தப்பக் கூடாது. மோட்டாருக்கும் அப்படியே. பல விமானங்களில் மோட்டார் கொஞ்சம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பார்த்துத்தான் இருக்கும், இரண்டு மூன்று டிகிரி. அது கம்பெனிக்காரன் பிழை என்று நினைத்து நேராக்கிவிடாதீர்கள். புரொப்பல்லர் ஒரு பக்கமாகச் சுழல்வதால் விமானம் மறுபக்கம் இழுபடும். அதற்காக வைத்தது அந்த வலச்சாய்வு. கீழ்ச்சாய்வு, மோட்டார் வேகத்தில் மூக்கு எழாமல் இருக்க. ஜெர்மனியின் மல்டிபிளெக்ஸ் நிறுவனம் ஈஸிஸ்டார் என்று ஒரு பழகுநர் விமானம் கொண்டுவந்தது. அதில் புரொப்பல்லர் சிறகுக்குப் பின்னால். மூக்கு குத்தினாலும் மோட்டார் பிழைக்கும். கற்றுக்கொள்பவன் விழுவான் என்று முதலிலேயே ஒத்துக்கொண்ட வடிவம் அது. எனக்கு மிகவும் பிடித்த விமானம்.

கீறல் விழுந்த புரொப்பல்லரை ஒட்டவே கூடாது. அதை உடைத்துவிட்டுப் போடுங்கள், இன்னொருவன் எடுத்து மாட்டாமல் இருக்க. மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் கரகரவென்றால் உள்ளே பிளாஸ்டிக் பல் போயிருக்கிறது, மாற்றிவிடுங்கள். மோட்டாரின் தண்டு வளைந்திருக்கிறதா என்று புரொப்பல்லர் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். அக்கா பேரனின் விமானத்தை ஒரு வாரம் உட்கார்ந்து ஒட்டினேன். நூல் பிடித்தேன், எடை பார்த்தேன், எல்லாம் சரி. தோப்பைத் தாண்டி ஒரு தரிசில் கொண்டுபோய் எறிந்தேன். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் ஸ்டிக் கொடுத்தேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் கொடுத்தேன். தலைகீழாகப் போய் மண்ணில் அடித்தது. சர்வோவை மறுபடி மாட்டும்போது கம்பியை அதன் கொம்பின் எதிர்ப்பக்கத்தில் மாட்டிவிட்டேன். ஸ்டிக்கை வலம் தள்ளினால் சிறகின் மடிப்பான எய்லரான் இடம் வேலை செய்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து துண்டு பொறுக்க ஆரம்பித்தான். பட்டாணி அளவுத் துண்டுகூட விடாமல். அன்றைக்கு அவன் ஓடவில்லை என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

ஆகவே பறக்கும் முன் புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு விமானத்துக்குப் பின்னால் நில்லுங்கள். ஸ்டிக்கை வலம் தள்ளினால் வலச் சிறகின் மடிப்பு மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், இன்னொருவர் பார்த்து ஆமாம் சொல்லட்டும். பிறகு எடை மையம். பேட்டரியோடு, பறக்கிற நிலையில், சிறகின் முன் விளிம்பிலிருந்து சிறககலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே இரண்டு விரலால் தாங்குங்கள். 18 சென்டிமீட்டர் அகலச் சிறகென்றால் நாலரை முதல் ஆறு சென்டிமீட்டர். மூக்கு லேசாகக் கீழே தாழ்ந்தால் நல்லது. வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். பிறகு மோட்டார் போடாமல், காற்றுக்கு எதிராக, உயரமான புல்மேல் மெதுவாக எறிந்து மிதக்க விட்டுப் பாருங்கள்.

எங்கே பறப்பது என்பதையும் பெற்றோர் கேட்க வேண்டும். 2021-இல் வந்த டிரோன் விதிகள் இந்த விமானங்களுக்கும் பொருந்தும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்தான் விட வேண்டும். எந்த இடத்தில் அனுமதி உண்டு என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டே போக வேண்டும். நெய்வேலியில் விமானத் தளமும் மின் நிலையங்களும் சுரங்கமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஒருநாளும் வேண்டாம். உயரழுத்த மின்கம்பி போகிற வழியும் வேண்டாம். கம்பியில் மாட்டினால் அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். விமானம் சில ஆயிரம் ரூபாய்தான், குழந்தைகளே.

பெற்றோர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், "இதனால் என்ன பயன்?" என்று. நடிகர் அஜித்குமார் இந்த ரிமோட் விமானங்களில் ஆர்வம் கொண்டவர் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். 2018-இல் ஆஸ்திரேலியாவில், மனிதனில்லாமல் பறக்கும் விமானம் மருத்துவ உதவி கொண்டுபோகும் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. அப்துல் கலாம் படித்ததும் அதே எம்.ஐ.டி.-யில்தான். ஆனால் உங்கள் பிள்ளை அங்கே போக வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டபோது, மறுநாள் காலையில் தோப்பில் நின்றவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் கும்பிட்டு அழுதார்கள். சிலர் அழுதபடியே ஒவ்வொரு மரமாகப் போய், வேர் எவ்வளவு மண்ணுக்குள் இருக்கிறது, எதை நிமிர்த்தலாம், எதை வெட்டித் துளிர்க்க விடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். என் அப்பா அப்படிப் பார்த்தார். அவர் கத்தி எடுத்தது அதற்கப்புறம்தான். அந்தப் பார்வை வயசான பிறகு வருவதற்குள் எவ்வளவோ இழக்க வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஒரு ஃபோம் சிறகில் அது வந்துவிட்டால் செலவு குறைவு.

பின்னால் அடுப்பில் வெந்நீர் கொதித்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மேசையைச் சுவரோரம் தள்ளிப் போடுங்கள். பேட்டரி மாட்டியிருப்பவர்கள் இப்போதே கழற்றி வெளியே மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மூக்கு நசுங்கினவர்கள் முதலில். சிறகு முறிந்தவர்கள் துண்டுகளைக் காகிதத்தில் பரப்பி வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுங்கள். யாரும் எதையும் சீவ வேண்டாம்.